பிளாஸ்டிக் பெட்டியில் சீமாட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குச் செய்தி வந்தது. தனூதா அப்போது ஒரு கிழவரின் கம்பளிக் கோட்டை முப்பத்தேழாம் நம்பர் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். போலந்தில், வூச் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், டிராம் வளைந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே உள்ள கிளினிக்கில் அவளுக்கு வேலை. கோட்டோடு யாரும் டாக்டரிடம் போகக் கூடாது. வாசலில் தனூதாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, நம்பர் அடித்த தகர வில்லையை வாங்கிக்கொண்டுதான் மாடியேற வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் பார்ப்பது அதுதான். அதற்கு முன்னால் காலுறை ஆலையில் இருந்தாள். ஆலை மூடியதும் இங்கே வந்துவிட்டாள்.

போனில் பேசியது பஸ் பணிமனை மேஸ்திரி; அந்த ஊரில் எல்லோரையும் போல 'பானி', அதாவது அம்மணி, என்றுதான் ஆரம்பித்தான்.

"பானி தனூதாதானே? உங்க தம்பி லெஷெக்... பஸ்ஸுக்கு அடியில குழிக்குள்ள இறங்கி வேலை பார்த்துக்கிட்டிருந்தாரு. டீக்குக் கூப்பிட்டோம். பதில் இல்ல. இறங்கிப் பார்த்தா... ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியலன்னுட்டாங்க."

"சரி" என்றாள் தனூதா. போனை வைத்துவிட்டுக் கிழவரிடம் வில்லையை நீட்டினாள்.

கிழவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது முப்பத்தொன்பது இல்ல, பானி? என் கோட்டை முப்பத்தேழுல மாட்டினீங்களே."

பத்தொன்பது வருஷத்தில் அவள் வில்லையை மாற்றிக் கொடுத்தது அன்று ஒரு முறைதான்.

அதற்குப் பிறகும் எண்பது கோட்டுகளுக்கு மேல் வாங்கி மாட்டினாள். பன்னிரண்டு மணிக்குச் சீட்டுப் பதிகிற இரேனா, தனூதாவைத் 'தன்கா' என்று கூப்பிடுகிற சிநேகிதி, கீழே இறங்கி வந்தாள். மேஸ்திரி மேலேயும் போன் செய்து, அக்காக்காரி வீட்டுக்குப் போய்விட்டாளா என்று விசாரித்திருந்தான்.

"உன்ன யாருடி இங்க நிக்கச் சொன்னது? கிளம்பு, தன்கா."

"கிளம்பறேன். இந்தக் கோட்டெல்லாம் யாரு திருப்பிக் குடுக்கறது?"

"அவங்கவங்க எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்குவாங்க. நல்லதா பார்த்து எடுத்துக்குவாங்க."

இரேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தனூதா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கொக்கிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

தனூதாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவது நின்றுகொண்டு, போன் பேசுவது நடந்துகொண்டு. அறுபத்தோரு வயசிலும் டிராமில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சண்டைக்குப் போவாள். "உன் வீட்டு நாற்காலியெல்லாம் இன்னும் கடையில இருக்கிற மாதிரியே இருக்கு, தன்கா" என்று லெஷெக் சொல்லுவான். அவளைவிட நான்கு வயது இளையவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகைக்கு ஓர் அறையும் சமையலறையும். மாதம் ஒரு தடவை அவள் அவனுக்கு ஜாடியில் சூப் கொண்டுபோவாள். சமையலறையோடு சரி. அறைக்குள் கால் வைத்ததில்லை. அங்கே சுவரை அடைத்த அலமாரியில், மற்ற வீடுகளில் டிவி இருக்கிற இடத்தில், அவன் தன் கையாலேயே ஒரு கண்ணாடிக் கூண்டு செய்து பொருத்தியிருந்தான். உள்ளே பதினேழு வருஷமாக ஒரு டரான்டுலா சிலந்தி இருந்தது. சீமாட்டி என்று பெயர்.

"அது இருக்கிற ரூமுக்குள்ள என் கால் படாது."

"அதுவும் உன்னப் பத்தி அப்படித்தான் சொல்லுது."

புதன்கிழமை அந்த அறைக்குள் போகத்தான் வேண்டியிருந்தது. சவப்பெட்டியில் அவனுக்கு உடுத்த ஒரு சூட் வேண்டும். சூட் இருந்தது அதே அலமாரியில், கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்துக் கதவுக்குள். தனூதா சூட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். சீமாட்டி அவளுக்கு நேராக உட்கார்ந்திருந்தது. விரித்த உள்ளங்கை அளவு. கறுப்பு. முழங்கால்களில் மட்டும் பூசணிச் சாறு தடவின மாதிரி நிறம். அசையவில்லை. யாருக்காகவோ காத்திருக்கிற தோரணை என்று அவளுக்குப் பட்டது.

அவர்கள் பிறந்த ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் செத்தால், அவர் வளர்த்ததுகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். தொழுவத்தில் படுத்திருக்கிற மாட்டை எழுப்ப வேண்டும். தேன்பெட்டியை மூன்று தடவை தட்டி, 'உங்க எஜமான் போயிட்டாரு, இனிமே நான்தான்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுகளும் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். அப்பா செத்தபோது தனூதாவுக்குப் பதினான்கு வயது, லெஷெக்குக்குப் பத்து. ஆம்பிளைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்று அம்மா அவனை அனுப்பினாள். பயத்தில் ரொம்ப பலமாகத் தட்டிவிட்டான். இரண்டு தேனீ காதில் கொட்டி, அடக்கத்தின்போது அந்தக் காது தோசை மாதிரி வீங்கியிருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்துத் தனூதா கையைத் தூக்கவில்லை. கை தானாகப் போயிற்று. விரல் முட்டியால் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினாள்.

"லெஷெக் செத்துட்டான். இனிமே நான்தான்."

முதல் தட்டுக்கே சிலந்தி துள்ளியது. மூன்றாவதற்கு முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. பிறகு விறுவிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. பின்னங்காலால் முதுகைத் தேய்த்து ரோமத்தை உதிர்த்தது. மேலே காற்றுக்கு விட்டிருந்த வலை வழியாக அது வந்து தனூதாவின் மணிக்கட்டில் படிந்தது. இரண்டு நாள் அரித்தது. அடக்கத்தில் எல்லோரும் வந்து அவள் கையைப் பிடித்தபோதும் அரித்துக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து கோழி சூப்பும் பன்றி வறுவலும் பரிமாறிய சாப்பாட்டில், தபால்காரச் சீருடையோடு ஒரு பெண் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். முப்பது வயசிருக்கும்.

"நான் கிங்கா. லெஷெக்கோட சிலந்திச் சிநேகிதி. ரெண்டு பேரும் ஒரே கிளப்பு. சீமாட்டிய நான் எடுத்துக்குவேன், பானி தனூதா. ஆனா இப்ப முடியாது. என் வீட்டுல இருபத்திரண்டு பெட்டிலயும் பேன் புடிச்சிருக்கு. மருந்து போட்டிருக்கேன். மூணு வாரத்துக்கு வீட்டுக்குள்ள எதையும் கொண்டுபோக முடியாது."

"அப்ப?"

"மூணு வாரம் நீங்க வச்சிருங்க."

"நானா!"

"வேற யாரு? வீட்டுக்காரரு லெஷெக் ரூம ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்றாராமே."

"என் கையில செத்துப்போச்சுன்னா?"

"பதினேழு வருஷமா சாகாதது மூணு வாரத்துல ஏன் சாகணும்?"

ஏன் என்று தனூதாவுக்குத் தெரியும். கண்ணாடியில் தட்டினதை யாரிடமும் சொல்லவில்லை. லெஷெக் விட்டுப்போனதில் உயிரோடிருந்தது அது ஒன்றுதான். அது போய்விட்டால், தட்டிக் கொன்றது அவள்.

ஞாயிற்றுக்கிழமை கிங்கா வந்தாள். ஓவியம் தீட்டுகிற மெல்லிய தூரிகையால் சிலந்தியின் பின்னங்காலைத் தொட்டுத் தொட்டு ஒரு டப்பாவுக்குள் நடத்தினாள். கூண்டு அலமாரியோடு சேர்ந்தது, பெயர்க்க முடியாது. அதனால் ஸ்வெட்டர் வைக்கிற, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மூடியில் சூட்டுக்கோலால் ஓட்டைகள் போட்டிருந்தாள். கூண்டின் மண்ணைத் தனியாக ஒரு பையில் அள்ளிக் கட்டினாள். சிலந்தி பதுங்குகிற மரப்பட்டையையும் கொடுத்தாள்.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. வீட்டுக்குப் போய் இந்த மண்ணைப் பெட்டியில போடுங்க, பட்டைய வைங்க, டப்பாவைத் திறந்து உள்ள விட்டுடுங்க. அதுவே வெளிய வரும். அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க."

"ஒண்ணும் செய்யாம எப்படி?"

"ஒண்ணும்னா ஒண்ணும். தண்ணி மட்டும் வைங்க."

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துப் பார்த்தாள் தனூதா. மண்ணெல்லாம் நூலாம்படை. நடுவில் பூச்சிக் கால், பூச்சி இறக்கை, உரித்துப்போட்ட கறுப்புத் தோல். பதினேழு வருஷத்துக் குப்பை. லெஷெக்குக்கு வீடு பெருக்கவே தெரியாது என்று அவளுக்கு முன்பே தெரியும். பையைக் கட்டி, குப்பையோடு கொண்டுபோகலாம் என்று பால்கனியில் வைத்தாள். கடைக்குப் போய்ப் புதுத் தேங்காய் நார் மண் வாங்கிவந்தாள். பட்டையை சோடா போட்டுக் கொதிக்கவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, அடுப்பில் உலர்த்தினாள். ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் மண்ணைப் பரப்பினாள். குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் குழாயில் வருகிற சூட்டை இன்னும் திறந்துவிடவில்லை, அக்டோபர் பாதிக்கு மேல்தான் விடுவார்கள். சமையலறை மட்டும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். பெட்டியை அங்கே மேடையில், ஃபிரிட்ஜை ஒட்டி வைத்தாள்.

சிலந்தி மண்ணில் காலை வைக்கவே இல்லை. நுனிக்காலில் நின்றது. பிறகு சுவரோரமாகவே சுற்றியது. நான்கு மூலையும் சுற்றி, ஏறி, மூடிவரைக்கும் போய், சறுக்கி, மறுபடி ஏறியது. பிளாஸ்டிக்கில் நகம் உரசுகிற சத்தம் விடிகாலையில் அவளை எழுப்பியது. கட்டிலிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். குளிருகிறதோ என்று வெந்நீர்ப் புட்டியை ஒட்டவைத்தாள். வறண்டிருக்குமோ என்று துணிக்குத் தெளிக்கிற புட்டியால் தண்ணீர் தெளித்தாள். அது இன்னும் வேகமாக ஓடியது. தனிமையாயிருக்குமோ என்று ரேடியோ போட்டாள். கடையில் ஒரு வெட்டுக்கிளி வாங்கிவந்து உள்ளே விட்டாள். சிலந்தி அதைப் பார்த்து ஓடியது, வெட்டுக்கிளி சிலந்தியைப் பார்த்து ஓடியது. இரண்டும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு தனூதா சமையலறையில் முன்னும் பின்னும் நடந்தாள். கோட்டு வாங்குகிற இடத்திலும் கால் நிலைகொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராம் பிடித்து வீட்டுக்கு ஓடி, மூடியைத் திறந்து பார்த்து, அடுத்த டிராமில் திரும்பினாள்.

"சாப்பிடுதா?" என்றாள் இரேனா.

"இல்ல."

"தூங்குதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எட்டுக் கண்ணு. ஒண்ணக்கூட மூடாது."

"பேசாம இங்க கொண்டாந்து ஒரு கொக்கியில மாட்டு. கையில வில்லையக் குடு. கிங்கா வந்து வாங்கிக்கட்டும்."

"உனக்கு விளையாட்டு."

"பின்ன என்னடி? அதுவும் ஓடுது, நீயும் ஓடற. யாரு யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்கன்னு தெரியல."

முதல் வாரத்துச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியில் சத்தமே இல்லை. தனூதா தரை துடைக்கிற துணியோடு ஓடிவந்தாள். சிலந்தி மூடியின் உட்புறத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற கால்களெல்லாம் காற்றில் துழாவின. ஒரே ஒரு முன்னங்கால் ஓட்டையில் சிக்கியிருந்தது. அது நகத்தை இழுக்கும், உடம்பு ஊசலாடும், அப்படியே நிற்கும், மறுபடி இழுக்கும்.

கிங்காவுக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தாள். படிக்கட்டில் ஏறுகிற மூச்சு.

"தொங்குது, பானி கிங்கா! ஒத்தக் கால்ல தொங்குது!"

"கத்தாதீங்க. போனை மேடையில வைங்க, ஸ்பீக்கர் போடுங்க. மூடிய ஒரு பக்கம் மட்டும் அலுங்காம தூக்கி எதையாவது முட்டுக் குடுங்க."

தனூதா ஊறுகாய் ஜாடி இரண்டை முட்டுக் கொடுத்தாள்.

"இப்ப துண்டை மடிச்சுக் கையில போட்டு அதோட வயித்துக்கு அடியில கொண்டுபோங்க. விழுந்தா வயிறு வெடிச்சிரும். தாங்கினாப் போதும். இழுக்காதீங்க. இழுத்தா காலு கையோட வந்துரும்."

"எவ்வளவு நேரம்?"

"அதுவா எடுக்கிற வரைக்கும். அசையாம நில்லுங்க."

கையை உள்ளே விட்டாள். துண்டு வழியாக ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. சின்ன முட்டை அளவு கனம். போனில் எங்கேயோ வாசல் மணி அடித்தது. "ரிஜிஸ்தர் தபால். இங்க கையெழுத்துப் போடுங்க, பானி... ஆங், சொல்லுங்க தனூதா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அசையலயே?"

"இல்ல."

தோள் வலித்தது. மூக்கு அரித்தது. கால் மாற்றி நிற்க வேண்டும்போல் இருந்தது. மாற்றவில்லை. முதல் ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு எதையாவது சொல்லாமல் நிற்க முடியாது என்று ஆகிவிட்டது.

"நான் தட்டினேன்" என்றாள்.

"எதை?"

"கண்ணாடிய. அவன் செத்த மறுநாள். எங்க ஊர்ல தேனீகிட்ட சொல்ற மாதிரி. மூணு தடவ. அதுலேர்ந்துதான் இது இப்படி."

போனில் படியேறிக்கொண்டிருந்த காலடி நின்றது.

"என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

"லெஷெக் செத்துட்டான், இனிமே நான்தான்னு."

"ம்." இன்னொரு வாசல் மணி. யாரும் திறக்கவில்லை. "அதுக்குக் காது கிடையாது, பானி தனூதா. காலாலதான் கேக்கும். நீங்க தட்டினது அதுக்கு வீடு இடிஞ்ச மாதிரி இருந்திருக்கும்."

"அதத்தான் சொல்றேன்."

"ஆனா அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. சிலந்தி அத்தன நாளு எதையும் மனசுல வச்சுக்காது. இப்ப எதுக்கு ஓடுதுன்னு பாருங்க. பெட்டி எங்க இருக்கு?"

"அடுப்படி மேடையில. ஃபிரிட்ஜ் பக்கத்துல."

"ஃபிரிட்ஜா! அது ஓடறப்பல்லாம் மேடை அதிருமே! சரி, மண்ணு?"

தனூதா பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

"பானி தனூதா. மண்ணு?"

"புதுசு போட்டேன்."

"நான் குடுத்தது?"

"பால்கனியில இருக்கு. குப்பைக்கு."

"பட்டை?"

"சோடா போட்டுக் கொதிக்க வச்சேன்."

"அய்யோ, ஆண்டவரே! அந்த நூலுதான் அதோட வீடு. அதத் தொட்டுத்தான் தான் எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியும். நீங்க அதைத் துடைச்சு எடுத்துட்டு, தண்ணியடிச்சு, பாட்டுப் போட்டு... ஒரு நாளைக்கு எத்தனை தடவ மூடியைத் திறக்கறீங்க?"

"ரெண்டு."

"உண்மையைச் சொல்லுங்க."

"எண்ணல" என்றாள் தனூதா. ஒரு நாளைக்கு முந்நூறு கோட்டுகளைத் தப்பாமல் எண்ணுகிறவள் அவள்.

அப்போது துண்டின் மேல் இருந்த கனம் மாறியது. சிலந்தி மற்ற ஏழு காலையும் அவள் கைமேல் ஊன்றி, உடம்பைத் தூக்கி, நகத்தைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தது. எடுத்த காலை வாயருகே கொண்டுபோய் நனைத்துக்கொண்டது. மணி ஒன்பது முப்பத்திரண்டு. சனிக்கிழமை காலைகளில் அந்த நேரத்துக்குள் அவள் தரை துடைத்து, ரொட்டி வாங்கி, துணி காயப்போட்டிருப்பாள்.

"எடுத்துக்கிச்சு" என்றாள்.

"நல்லது. இன்னிக்கே பழைய மண்ணைப் போடுங்க, பாதிக்கு மேல நிரப்புங்க, விழுந்தாலும் அடிபடாது. இருட்டா, அதிராத இடத்துல வைங்க. வியாழன் வரைக்கும் திறக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"எதும்மேல?"

"உங்க ஃபிரிட்ஜ் மேல."

பால்கனியிலிருந்து பையை எடுத்துவந்தாள். நூலும் காலும் தோலுமாக இருந்ததை அப்படியே கொட்டினாள். அறையில் கோட்டு அலமாரியின் அடித்தட்டைக் காலிசெய்து, கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பிறகு இருந்த நாட்கள்தான் அவளுக்குக் கஷ்டமானவை. சத்தம் கேட்டபோதாவது உயிரோடிருக்கிறது என்று தெரிந்தது. இப்போது ஒன்றுமில்லை. ஞாயிறன்று கல்லறைக்குப் போய்க் கண்ணாடி விளக்குகளை மாற்றிவைத்தாள். வாடிய பூக்களைப் பொறுக்கினாள். திரும்பி வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். திறக்கவில்லை. திங்களன்று மறுபடி கல்லறைக்குப் போனாள். காவல்காரன் பார்த்துவிட்டு, "நேத்துத்தானே வந்தீங்க?" என்றான். "நேத்து வேற வேலையா வந்தேன்" என்றாள். செவ்வாயன்று கிளினிக்கில் வில்லைகளையெல்லாம் வெந்நீரில் போட்டுத் தேய்த்தாள். "தகரம் தேஞ்சுபோகும்டி, நம்பர் அழிஞ்சுரும்" என்று இரேனா வந்து பிடுங்கிக்கொண்டாள். புதன் மாலை அலமாரிக் கதவில் காதை வைத்தாள். தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. செத்துக் கிடந்தால் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள். கை கைப்பிடிவரை போயிற்று. திரும்பி சமையலறைக்குப் போய், நின்றுகொண்டே ஒரு கண்ணாடி டம்ளர் டீ குடித்தாள்.

வியாழனன்று குளிர் இறங்கியது. அவளுக்கு விடுமுறை. சூடு திறக்கிறது திங்கட்கிழமைதான் என்று கீழே வாசலில் அறிக்கை ஒட்டியிருந்தார்கள். அறை ஜன்னலின் இடுக்குகளில் குளிர்காற்று நுழையாமல் பஞ்சு அடைத்து, காகித நாடா ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் செய்கிற வேலை. அதற்கு முன்னால், சொன்ன நாள் வந்துவிட்டதே என்று, அலமாரிக் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்துவைத்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலில் வேலையை ஆரம்பித்தாள். மேல்பக்கம், வலதுபக்கம், கீழ்ப்பக்கம். ஒவ்வொரு தடவையும் நாடா சுருளிலிருந்து கிர்ரென்று பிரிந்தது.

இடதுபக்கம் மேலிருந்து பாதிவரை ஒட்டினபோதுதான் திரும்பினாள். மரப்பட்டையின் வாயில் சீமாட்டி இருந்தது. எட்டுக் காலும் மண்ணில் அழுந்தப் பதிந்திருந்தன. நுனிக்காலில் நிற்கவில்லை. பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி, பட்டையின் விளிம்பிலிருந்து மண்ணுக்கு நூல் இழுத்துக்கொண்டிருந்தது. பழைய நூலும் புது நூலும் கலந்து, வாசலில் சல்லாத்துணி மாதிரி ஒன்று உருவாகியிருந்தது. இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்த வேலை இல்லை அது.

தனூதாவின் கை பழக்கத்தில் அடுத்த துண்டை இழுத்தது. கிர்ரென்றது. சீமாட்டி நின்றது, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

அவள் கையை அப்படியே வைத்துக்கொண்டாள். சுருள் கையில் இருந்தது. மெதுவாக, மூட்டு மூட்டாக மடங்கி, தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. நூல் இழுக்கிறது மறுபடி ஆரம்பித்தது. வெளியே இரண்டு டிராம்கள் போயின. மூன்றாவதும் போயிற்று. போன் அடித்தபோது கிங்காதான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. எழுந்தால் தரைப்பலகை கிரீச்சிடும்.

ஜன்னலின் இடதுபக்கம், கீழிருந்து ஒன்றரை முழம், பஞ்சு அடைத்தபடி நாடா ஒட்டாமல் இருந்தது.